கரையில் நிற்கச் சொன்னேன்

சுப்புராயனுக்கு, உன்னை வளர்த்தவன் பனித்திட்டுக் குப்பத்திலிருந்து எழுதிக்கொள்வது.

இதை உன் வேலு மாமனிடம் கொடுத்தனுப்புகிறேன். வெயிலில் வந்திருப்பான், முதலில் அவனுக்கு ஒரு வாய் சோறு போடு. பிறகு தனியாக உட்கார்ந்து படி. புதுச்சேரியில் உன் சிநேகிதன் வீட்டில் நீ கப்பலுக்காகக் காத்திருக்கிறாய், ஊசி போட்டுக்கொள்ளவும் காகிதங்களில் முத்திரை வாங்கவும் அலைந்துகொண்டிருப்பாய் என்று தெரியும். சைகோனுக்குப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். எழுதத் தெரியாத எத்தனையோ தகப்பன்களுக்கு இந்தக் குப்பத்தில் நான்தானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், கெட்ட சகவாசம் வேண்டாம், மாதம் தவறாமல் கடிதம் போடு. இவையெல்லாம் உனக்கும் சேர்த்துத்தான். ஆனால் நான் இன்று எழுத உட்கார்ந்தது வேறு விஷயம்.

போன வெள்ளிக்கிழமை நீ பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு என்னிடம் வந்தாய். "அப்பா, அங்க ரூம்ல மாட்டிக்கறதுக்கு நம்ம கரை படம் ஒண்ணு குடு" என்றாய். நான் உள்ளே போய்ப் பத்துப் பதினைந்து படங்களைப் புரட்டிவிட்டு, பனைமரங்களும் காலை நேரத்து அலையும் இருக்கிற ஒன்றை எடுத்து வந்தேன். அதை வாசலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாய். "ஏம்ப்பா, ஒன் படத்துல மட்டும் ஆளே இருக்க மாட்டேங்குது?" என்று கேட்டாய். ஏழெட்டு வயதிலும் இதையே கேட்டிருக்கிறாய். அப்போது சொன்ன பதிலைத்தான் இப்போதும் சொன்னேன். எனக்கு ஆள் வரைய வராது என்றேன். அது பொய், சுப்புராயா. ஆள் இருக்கிற படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இருபத்து நாலு வருடமாக அதை உன் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். நீ வண்டியேறிப் போன பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனியும் அந்தப் பொய்யோடு உன்னைக் கடல் தாண்டி அனுப்பக் கூடாது என்று தோன்றியது.

நான் உன்னைப் பெற்றவன் அல்ல, பெற்றவரின் தம்பி என்பது உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். உன் அப்பா, என் அண்ணன் ஏழுமலை, நீ எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது கார்த்திகை மாதத்துக் கடலில் போனார் என்பதும் தெரியும். அன்று மற்ற கட்டுமரங்கள் எல்லாம் கரை திரும்பிய பிறகு அவர் மரம் மட்டும் ஏன் வெளியே இருந்தது என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கு முன்னால், நான் படம் வரைகிறவன் ஆன கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதல் பெரிய சண்டைக்கு நம் பக்கத்தில் ஆள் எடுத்தபோது, அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் போய்ப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்தேன். இளவயது. கப்பலில் ஏறிப் பிரான்சைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு ஒன்றும் மனதில் இல்லை. அங்கே போய்ச் சண்டையைக் கண்ணால் காண்பதற்குள் சாமான் வண்டி ஒன்று குடைசாய்ந்து என் முழங்கால் நொறுங்கியது. உன்னைச் சின்ன வயதில் பயல்கள் "நொண்டி சொல்தா மவன்" என்று கூப்பிட்டால், என் கால் பீரங்கிக் குண்டில் போனது என்று சொல்லிச் சண்டைக்குப் போவாய். நான் திருத்தவில்லை. உண்மையில் ஒரு மாவு மூட்டை வண்டிதான் அது. கடலோரத்து ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் படுத்துக் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் வில்லியனூர்க்காரன் ஒருவன், என் வயதுதான், அவனுக்கும் பொழுது போகவில்லை, எனக்கும் போகவில்லை. அவனிடமிருந்துதான் எழுதப் படிக்கப் பழகிக்கொண்டேன். காயம்பட்டவர்கள் சும்மா கிடக்க வேண்டாம் என்று அந்த ஊர்ப் பெண்கள் சாமான்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்படி என் கைக்கு வந்தது தகரத்தால் ஆன ஒரு வர்ணப் பெட்டி. உள்ளே பன்னிரண்டு வில்லைகள், இரண்டு தூரிகைகள். ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. நம் கடல் இல்லை, அலையே இல்லாத கடல். இருந்தாலும் கடல். அதையே நாளெல்லாம் வரைந்தேன்.

ஊர் திரும்பியபோது இந்தக் காலை வைத்துக்கொண்டு கட்டுமரம் ஏற முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சர்க்கார் கொடுத்த உதவித்தொகையும் தகரப் பெட்டியும்தான் நான் கொண்டுவந்தவை. நான் பலகையும் காகிதமுமாகக் கரையில் போய் உட்கார்ந்தால் வலை பழுதுபார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். "பிரான்சுக்குப் போயி பொம்ம போடக் கத்துக்கினு வந்துகீறான்" என்பார்கள். அண்ணன் சிரித்ததே இல்லை. தென்னங்கீற்றில் ஒரு தட்டி முடைந்து, வெயில் படாமல் என் பின்னால் நட்டு வைத்துவிட்டுத்தான் கடலுக்குப் போவார். திரும்பி வந்து மீனைப் பங்கு பிரிக்கும்போது எனக்கும் ஒரு பங்கு ஒதுக்குவார். யாராவது முணுமுணுத்தால், "அவன் கரையில வேல செய்யறான்" என்பார். அதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

கரையில் உட்கார்ந்து வரைவது ஆஸ்பத்திரி ஜன்னலில் வரைவது போல இல்லை. காலையில் உப்புக் காற்று ஈரத்தில் காகிதம் காயவே காயாது. வெயில் ஏறிவிட்டால் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். மணல் பறந்து வந்து வானத்தில் ஒட்டும். ஒருநாள் கொண்டுபோன கிணற்றுத் தண்ணீர் கவிழ்ந்துவிட, கடல் தண்ணீரையே சிரட்டையில் மொண்டு வரைந்தேன். காய்ந்ததும் படமெல்லாம் உப்புப் பூத்துவிட்டது. அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதாண்டா நம்ம ஊரு வானம், இத்தினி நாளா நீ போட்டதெல்லாம் பிரான்சு வானம்" என்றார். நீர் வர்ணத்தில் வெள்ளை என்று தனியாக ஒன்று கிடையாது. அலை நுரைக்க வேண்டுமானால் அந்த இடத்தில் காகிதத்தைத் தொடாமல் விட வேண்டும். வெளிச்சமானது எதுவோ அதை முதலிலேயே விட்டுவிட்டு, சுற்றிலும் பூசிக்கொண்டு வர வேண்டும். ஒரு பூச்சு காய்வதற்குள் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் இரண்டும் ஓடிக் கலந்துவிடும். காத்திருக்கத் தெரியாதவனுக்கு இந்த வேலை வராது. எனக்குக் காத்திருக்கத் தெரியும் என்று அப்போது பெருமையாக இருந்தது. யாரைக் காக்க வைக்கிறோம் என்று யோசிக்கத் தெரியவில்லை.

அந்தக் கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. யாரும் கடலுக்குப் போகவில்லை, பல வீடுகளில் அடுப்புக்கூட சரியாக எரியவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலையில் வானம் திறந்துகொண்டது. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. ஈர மணலில் வானம் அப்படியே கிடந்தது. கிழக்கே முற்றாத மாங்காய்ப் பச்சை, அதற்கு மேலே மெல்லிய மஞ்சள், மேகத்தின் கரை மட்டும் ரோஜா நிறம். குப்பமே கரையில் நின்று மரம் தள்ளிக்கொண்டிருந்தது. அண்ணனும் வேலுவும்தான் ஒரு மரத்தில் போவார்கள். வேலுவுக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும், அக்காள் வீட்டோடு இருந்தான். அவன் வலையை ஏற்றிக்கொண்டிருக்க, அண்ணன் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு அலையைப் பார்த்தபடி நின்றார். ஈர மணலில் அவர் காலடியிலிருந்து இன்னொரு ஏழுமலை தலைகீழாக நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் நில்லு" என்று கத்தினேன். "அந்தத் துடுப்பக் கீழ எறக்காத. அப்படியே கடலப் பாத்து நில்லு. சீக்கிரம் முடிச்சிடறேன்."

"இன்னாடா, நானா படத்துல?" என்றார் அண்ணன், திரும்பாமலே. குரலில் சிரிப்பு இருந்தது.

வேலுவுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, எல்லாரும் அலை தாண்டிட்டாங்க. நாலு நாளா கலங்கிக் கெடந்த கடலு, எப்பத் திரும்பும்னு சொல்ல முடியாது. போய்க்கினே இருக்கலாம் வா."

"இருடா வேலு. எம்மவன் பெருசாவறப்ப நான் கெழவனா பூடுவேன். அவுங்கப்பன் இப்டி இருந்தான்னு பாக்கட்டுமே."

சுப்புராயா, இந்த வார்த்தைகளை நான் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

வானத்தைப் பூசினேன். கடலைப் பூசினேன். மணலையும் அதில் விழுந்த வெளிச்சத்தையும் பூசினேன். அண்ணன் நின்ற இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டு, சுற்றிலும் பூசிக்கொண்டு வந்தேன். உடம்பின் கறுப்பையும் முகத்தையும் கடைசியில் போட வேண்டும். ஆனால் மழை ஈரத்தில் காகிதம் காயவில்லை. ஈரத்தோடு போட்டால் அண்ணன் கடலோடு கரைந்துபோவார். காயட்டும், இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று பலகையைக் காற்றில் ஆட்டிக்கொண்டிருந்தேன். "ஆச்சாடா?" என்று அண்ணன் கேட்டார். "இன்னும் கொஞ்சம் அண்ணே" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். சூரியன் இரண்டு ஆள் உயரம் ஏறிவிட்டது. மற்ற மரங்கள் புள்ளியாகத் தெரிந்தன. கடைசியில் அண்ணனே துடுப்பைக் கீழே இறக்கினார். "போய்ட்டு வந்து நிக்கிறேன், அப்பப் போட்டுக்க" என்றார். போகும்போது படத்தை எட்டிப் பார்த்தார். "எங்கடா நானு, ஓட்டையா இருக்கு?" என்று சிரித்தார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

உச்சி வேளைக்கு முன்னால் வாடைக் காற்று திரும்பியது. முன்னாலே போன மரங்கள் வலையை இழுத்து முடித்துவிட்டிருந்தன. காற்று மாறியதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைக்கு வந்துவிட்டன. அண்ணனும் வேலுவும் பிந்திப் போனதால் பிந்தி வலை விட்டு, அப்போதுதான் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கரைக்கு அருகில் வந்தபோது அலை பனை உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். மரம் புரண்டதை எல்லோரும் பார்த்தோம். புரண்ட மரம் அண்ணனின் தலையில் அடித்ததை வேலு மட்டும் பார்த்தான். ஆட்கள் கயிறோடு பாய்ந்தார்கள். வேலுவை இழுத்து வந்தார்கள். நான் இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தேன். இந்தக் கால் அதற்கு மேல் போகவிடவில்லை. மறுநாள் தெற்கே பெண்ணையாற்று முகத்துவாரத்தில் அண்ணன் கரை ஒதுங்கியிருக்கிறார் என்று ஆள் வந்தது. மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள்.

காரியத்துக்குக் கூடியிருந்தபோது பெரியவர் ஒருவர் கேட்டார், "ஏழுமல ஏன் அன்னிக்கி அவ்ளோ நேரங்கழிச்சிப் போனான்?" என்று. எல்லோரும் அவரவர் மரம் தள்ளும் அவசரத்தில் இருந்ததால் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. வேலு என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "மரத்துக் கயிறு தளந்திருக்கும், அவுத்துக் கட்டியிருப்பான்" என்று யாரோ சொன்னார்கள். பேச்சு அதோடு முடிந்தது. ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருந்தேன். அதற்குப் பிறகு சொல்வது ஒவ்வொரு நாளும் இன்னும் கடினமாகிக்கொண்டே போனது.

வருடம் திரும்பியது. நம் ஊரில் அண்ணன் பெண்டாட்டியைத் தம்பி கட்டிக்கொள்வது புதிதல்ல. பெரியவர்கள் வந்து உன் அம்மாவைக் கேட்டார்கள். அஞ்சலை சுவர்ப்பக்கம் நின்று, "சரி" என்று ஒரே வார்த்தை சொன்னாள். பிறகு என்னைக் கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டபோது, "நொண்டிக்கு எதுக்குக் கல்யாணம்" என்றேன். அவள் உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அண்ணனைக் கொன்றுவிட்டு அவர் இடத்தில் போய் எப்படி உட்காருவது என்பதுதான் என் மனதில் இருந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை ஒரு விரதம் போல நினைத்துக்கொண்டேன். மறுத்ததற்காக என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டதும் உண்டு. அவமானப்பட்டவள் அவள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து அவள் என்னிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டாள். ஒரே வாசல், நான் பக்கத்துக் குடிசையில். சோறு ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் உன் வழியாகத்தான் பேச்சு. "சுப்புராயா, ஒங்கப்பன சாப்புட வரச் சொல்லு." "ஒங்கப்பனுக்கு ஜொரமா இன்னான்னு கேளு." அப்பா என்று என்னைக் கூப்பிட உனக்குப் பழக்கியவள் அவள்தான். அதை அவள் என்னைக் குத்துவதற்காகச் சொல்கிறாள் என்றே நான் நினைத்திருந்தேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது நினைவிருக்கும். என்னிடம் சொல்லாமல் வேலுவோடு மரமேறிக் கடலுக்குப் போய்விட்டாய். திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் உப்பும் முகமெல்லாம் சிரிப்புமாக ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாய். நான் மீனைப் பிடுங்கி எறிந்துவிட்டு உன்னை அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. உன் உதடு கிழிந்தது. மறுநாளே உன்னைக் கொண்டுபோய்ப் பாகூரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்க வைத்தேன். படிப்பு முக்கியம் என்று ஊருக்குச் சொன்னேன், உனக்கும் சொன்னேன். படிப்பால் உனக்கு நல்லதுதான் நடந்தது. பாகூர் மேரி ஆபீசில் எழுத்தர் வேலை கிடைத்தது, இப்போது சைகோன் வேலையும். ஆனால் நான் உன்னை அங்கே கொண்டுபோய் விட்டது படிப்புக்காக அல்ல. உனக்குக் கடலை மறுத்தது என் பயம். நீ அழுதுகொண்டே வண்டியில் போனபோது அஞ்சலை, பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அவன அடிச்சா கடலுக்கு வலிக்கப் போவுதா?" சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இடையில் நான் படம் வரைவதை விட்டுவிட்டேனா என்று கேட்பாய். ஒரு வருடம் விட்டேன். பிறகு வரையாமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்தப் பெட்டி தீர்ந்து வேறு பெட்டி வாங்கினேன். கரையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் உட்காருவேன். யாராவது படத்துக்குள் வந்தால் அவர் போகும்வரை தூரிகையைக் கீழே வைத்துவிடுவேன். நீ பார்த்து வளர்ந்த படங்கள் எல்லாம் அப்படி வரைந்தவைதான்.

போன ஐப்பசியில் உன் அம்மா படுத்தாள். நீ பகலெல்லாம் மேரியில் இருப்பாய், நான்தான் கஞ்சி கொடுப்பேன். ஒரு நண்பகல், மழை விட்டு வெயில் அடித்தது. இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனி நாள் இல்லை என்று அவள் கையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அஞ்சல, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி அண்ணன் நேரங்கழிச்சிப் போனது என்னாலதான். படத்துக்கோசரம் நாந்தான் நிக்கச் சொன்னேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

அவளே மேலும் பேசினாள். "காரியத்தன்னிக்கே வேலு அழுதுகினே வந்து சொல்லிட்டான். யார்கிட்டயும் சொல்லாதடான்னு நாந்தான் அவன் வாய அடச்சி வெச்சேன்."

"எம்மேல கோவம் வரலியா?"

"வந்துது. ஒரு வருசம் ஒன் மூஞ்சப் பாக்கவே புடிக்கல. அப்றம் நீ புள்ளய மடியில போட்டுக்கினு குந்திக்கினு இருக்கறதப் பாத்தேன். அவுரு ஆசப்பட்டு நின்னாரு. நீ இன்னா, கயித்தப் போட்டுக் கட்டியா வெச்ச?" மூச்சு வாங்கியது. நான் தண்ணீரை எடுத்தேன், வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "தெரிஞ்சிதான் ஒன்னக் கட்டிக்கிறேன்னு சொன்னேன். நீதான் வேணாம்னுட்ட. வெள்ளக்காரிங்களப் பாத்துட்டு வந்தவனுக்கு மீனு நாத்தம் எப்புடிப் புடிக்கும்னு நெனச்சிக்கினேன்."

இருபத்து மூன்று வருடம், சுப்புராயா. நான் அவளிடம் மறைத்தது அவளுக்கு முதலிலேயே தெரியும். நான் மறுத்ததன் காரணம்தான் அவளுக்குத் தெரியாது. என் குற்றத்தை அவளால் தாங்க முடியாது என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். அவளோ அதைத் தாங்கிக்கொண்டு, அதற்கு மேல் என்னையும் ஏற்றுக்கொள்ளத் தயாராகச் சுவர்ப்பக்கம் வந்து நின்றிருக்கிறாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "வுடு, புள்ள வர்ற நேரமாச்சி, மூஞ்சக் கழுவிக்க" என்றாள்.

மறுநாள் அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாள். பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "மூஞ்சி போடலியா?" என்றாள். இல்லை என்றேன். இப்போது போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம். நிக்கறது அவுருதான்" என்று சொல்லி, வெள்ளையாக இருந்த அந்த இடத்தில் விரலை வைத்தாள். அதற்குப் பிறகு எட்டு நாள் இருந்தாள். இருபத்து மூன்று வருடத்தில் பேசாததை எட்டு நாளில் பேச முடியாது. ஆனாலும் பேசினோம். பெரும்பாலும் உன்னைப் பற்றித்தான். அண்ணனுக்குச் சிரிப்பு வந்தால் நிறுத்த முடியாது என்பதைப் பற்றி ஒருநாள் பேசும்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது. இருமிக்கொண்டே சிரித்தாள். நீ வேலையிலிருந்து வந்து, "இன்னாம்மா சிரிக்கிற?" என்று கேட்டாய். நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். நான்தான், காரியம் முடியட்டும், பொங்கல் போகட்டும், உனக்கு வேலை உறுதியாகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பழைய பழக்கம்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் வளர்த்தவன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே நீ யாருக்காவது தீங்கு செய்துவிட்டால், தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும், அன்றே போய்ச் சொல். ஒரு நாள் கழித்துச் சொல்வது ஒரு நாள் கடினம், ஒரு வருடம் கழித்து என்றால் வேறு பிறவி எடுக்க வேண்டும். உன்னை மன்னிப்பதா இல்லையா என்பதை அவர்களுக்குப் பதிலாக நீயே தீர்மானித்துவிடாதே, அது அவர்களுக்கு உரியது. நான் அதைப் பறித்தேன். உனக்கு ஒரு பெண்ணைப் பிடித்து அவளுக்கும் உன்னைப் பிடித்தால், நீ அவளுக்குத் தகுதியா என்று மூலையில் உட்கார்ந்து யோசிக்காதே. அவளைக் கேள்.

வேலு கையில் ஒரு தகரக் குழாய் இருக்கும். அந்தப் படம் அதில்தான் இருக்கிறது. உன் அப்பா உனக்காக நின்றது, உன்னிடம்தான் இருக்க வேண்டும். இத்தனை நாள் நான் வைத்திருந்தது தவறு. அதை மாட்டுவதும் மாட்டாததும் உன் விருப்பம். சைகோனில் மழை அதிகம் என்கிறார்கள், ஈரம் படாமல் வைத்துக்கொள்.

வேலு இரண்டு நாள் அங்கே இருப்பான். அன்று நடந்ததை அவனிடமும் கேள். நான் சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. நான் எனக்குச் சாதகமாக எங்காவது எழுதியிருந்தாலும் எழுதியிருப்பேன். அவன் அப்படிச் சொல்ல மாட்டான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. அக்காள் சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதையாகவே நடந்துகொண்டவன் அவன்.

கப்பல் புறப்பட இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. கடலூர் போகிற பஸ் சாயங்காலம் கிருமாம்பாக்கத்தில் நிற்கும். ஐந்து நாளும் அந்த நேரத்துக்கு நான் சாலைக்கு வந்து நிற்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. முத்திரை, ஊசி எல்லாம் முடித்துக்கொள். வர மனமிருந்து, நேரமும் இருந்தால் வா. என்ன கேட்க வேண்டுமோ கேள், எப்படித் திட்ட வேண்டுமோ திட்டு. பஸ்ஸில் நீ இல்லாவிட்டால் நான் வீட்டுக்கு நடந்து வந்துவிடுவேன். அதற்காக நீ ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நல்லபடியாகக் கப்பல் ஏறு.